உறங்கியவர்கள் பட்டியலில் உன் பெயர்

தெகூச்
பிப்ரவரி 20, வியாழக்கிழமை

என் அன்பு மகள் ஸ்மராண்டாவுக்கு,

இங்கே நான் சுகம். அப்பாவுக்கு இடுப்பு வலி, லாரிக்கு ஒரு வைப்பர் ஓடவில்லை, மற்றபடி இருவரும் சுகம் என்று நேற்று பிரான்ஸிலிருந்து தகவல் வந்தது. பெர்கனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரம் காயாத காலணியோடு வேலைக்கு ஓடாமல், இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். அம்மா எதற்கு இந்தக் காலத்தில் காகிதமும் தபால்தலையும் வாங்கினாள் என்று நினைப்பாய். உனக்கே தெரியும், போனில் நீ 'சொல்லும்மா' என்றதும் எனக்கு எல்லாம் மறந்துபோகும், 'சாப்பிட்டியா' என்பது மட்டும் மிஞ்சும், அதற்கு நீ 'சாப்பிட்டேன்' என்பாய், அத்தோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். காகிதம் என்னை அவசரப்படுத்துவதில்லை. காகிதத்தில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். பனி உருகத் தொடங்கிவிட்டது, ஆற்றுத் தண்ணீர் பால்காப்பி நிறத்தில் வருகிறது, அதனால் நீர்நிலையத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேலை இரட்டிப்பு, கலங்கலை ஒரு நாளைக்கு மூன்று முறை அளக்கிறோம். லிஃப்ட் ஜனவரியிலிருந்து ஓடவில்லை. கீழ்வீட்டு பரஸ்கீவா அக்கா ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, 'ஓத்தீலியா, உன் பொண்ணு இருக்கிற ஊர்ல லிஃப்ட் ஓடுதாமா?' என்று கேட்கிறாள். ஓடுகிறது என்றேன். 'அப்ப அவ ஏன் திரும்பி வரப்போறா' என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அவள் வாய் அப்படி, மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை, ஆனாலும் அன்று மாலை வரை அது என் காதிலேயே இருந்தது. உன் அறையில் ஹீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறேன், அணைக்கவில்லை, அணைத்தால் சுவர் வியர்க்கிறது. அப்பா மார்ச் இரண்டாம் தேதி வருவார், வந்தால் ஐந்து நாள் இருப்பார், அதில் இரண்டு நாள் தூங்குவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை உன் போனில் முப்பத்தொரு மிஸ்டு கால் இருந்தது. மூன்றே காலுக்கு நீ அழைத்து, மூச்சிரைக்க, 'என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?' என்றாய். நான் 'யாருமில்ல கண்ணு, சும்மாதான்' என்றேன். 'சும்மாவா? முப்பத்தொரு தடவை சும்மாவா? ஷிஃப்ட் நேரத்துல போனை லாக்கர்ல வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நான் பார்த்துக்கிற பாட்டிகளைவிட உனக்குத்தான் மறதி ஜாஸ்தி' என்றாய். கோபம் நியாயம்தான். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். ஏன் அழைத்தேன் என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

நீ போன வருடம் ஜனவரியில் கிளம்பிப் போன அடுத்த வாரம் நம் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது நினைவிருக்கும். அதில் இருந்தது உன் ஏழு வயது வரைக்குமான படங்கள். ஐந்தாவது மாடி தீகூ மாமா மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டி இருநூற்றுப் பன்னிரண்டு படங்களை மீட்டுக் கொடுத்தார், மிச்சம் போய்விட்டது. டெலிபோன் இலாகாவில் முப்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவர், நீ குழந்தையாக இருந்தபோது மூன்று பிளாக்குகளையும் பால்கனிக்கு பால்கனி நீலக் கேபிள் இழுத்து ஒன்றாகக் கட்டியவர், இருபத்தெட்டு வீடும் ஒரே டிஸ்க்கிலிருந்து சினிமா பார்த்த காலம். அவர் என்னிடம், 'ஒத்தை இடத்துல எதையும் வைக்காதேம்மா, வீட்டுக்குள்ளயே சின்னதா ஒரு வலை போட்டு, நடுவுல ஒரு பெட்டி வச்சுட்டா, நீ, உன் வீட்டுக்காரர், உன் பொண்ணு எல்லாரும் எங்க இருந்தாலும் அதுல போடலாம் எடுக்கலாம்' என்றார். எங்கே இருந்தாலும் என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்தது. கடைக்கு மூன்று முறை போனேன், இரண்டு முறை கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன், உள்ளே நிற்கும் பையன்கள் எல்லாம் வேகமாகப் பேசுகிறார்கள். மூன்றாம் முறை வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன், ஊமை என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது, ரொம்ப மரியாதையாக எடுத்துக் கொடுத்தான்.

ரொட்டி அளவுக்குப் பெட்டி, உள்ளே இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவதை மற்றது அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளும், ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். எங்கே வைப்பது என்று வீடெல்லாம் அளந்து பார்த்தோம். ரூட்டர் வாசல் கதவுக்கு மேலே, இந்தக் கான்கிரீட் சுவரில் அதன் சிக்னல் சமையலறை வரைக்கும் வருவதற்குள் செத்துவிடுகிறது. கடைசியில் ஹீட்டர் குழாய் நுழையும் ஓட்டை வழியாகக் கேபிளை விட்டு, கம்பளத்துக்கு அடியில் கொண்டுபோய், சாமான் அறையில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடிகளுக்கும் பிளம் ஜாமுக்கும் நடுவில் வைத்தோம், அங்கேதான் குளிர்ச்சி, ஃப்ரீஸர் ப்ளக்கும் பக்கத்தில். தீகூ மாமா ஜாடிகளைப் பார்த்து, 'எல்லாம் கெடாம வைக்கிற அறைதானே, சரியான இடம்' என்றார். முதல் வாரம் பெட்டி ஓடினால் ஜாடி மூடிகள் எல்லாம் கிணுகிணுவென்று பேச ஆரம்பித்தன, அடியில் துண்டை மடித்து வைத்தேன், அடங்கியது. இன்னொரு தொல்லை, ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது, பெட்டிக்குக் கொடுத்த எண்ணை ஒரு நாள் டிவிக்குக் கொடுத்துவிட்டது, போனிலிருந்து பெட்டியைத் தேடினால் டிவி வருகிறது. தீகூ மாமா தலையில் அடித்துக்கொண்டு, 'நிலையா ஒரு எண்ணைக் கொடுத்துக் கட்டிப்போடணும், வீட்டுக் கதவு நம்பரே தினம் மாறினா தபால்காரன் என்ன பண்ணுவான்' என்று கட்டிப்போட்டார். நான் எல்லாவற்றையும் ஆய்வுக்கூட நோட்டில் எழுதுவது போலத் தேதி போட்டு எழுதி வைத்தேன். அவர் எட்டிப் பார்த்து, 'பட்டதாரிம்மா, ஸ்க்ரூவை எத்தனை திருப்பு திருப்பினோம்னும் எழுதிக்கோ' என்று கேலி செய்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நாலாம் வகுப்போடு நின்ற வீட்டிலிருந்து வந்து, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வேதியியல் தேர்வு எழுதியவளுக்கு, எழுதி வைக்காத எதன் மேலும் நம்பிக்கை வருவதில்லை.

ஆளுக்கொரு ஃபோல்டர், ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்ட், வெளியூரிலிருந்து வருவதற்குப் பூட்டிய ஒரு வாசல். எனக்கு, அப்பாவுக்கு, உனக்கு, தூரின் ஊரில் இருக்கும் அவ்ரீக்கா அத்தைக்கு. அப்பா லாரி நிறுத்துமிடங்களில் பார்க்கும் நாய்களை எல்லாம் படம் பிடித்துப் போட ஆரம்பித்தார், ஒரே வாரத்தில் நானூறு நாய். இப்படிப் போனால் பெட்டி நிரம்பிவிடும் என்று தீகூ மாமா தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து வந்து பெட்டியின் பின்னால் கேபிளில் மாட்டினார். யாரும் தொடாத பழைய ஃபோல்டர்களைப் பெட்டி தானாக அந்த மூன்றாவது டிஸ்க்குக்கு மாற்றிவிடும், யாராவது கேட்டால் தவிர அந்த டிஸ்க் சுழலாமல் தூங்கும், அதன் ஆயுசும் நீளும். எவ்வளவு நாள் தொடாவிட்டால் என்று கேட்டார், ஒரு வருடம் என்றேன். யார் தொட்டால் கணக்கு என்று கேட்டார், யார் தொட்டாலும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'வேண்டாம்மா, யாரோட ஃபோல்டரோ அவங்க தொட்டாத்தான் கணக்குன்னு வைப்போம், இல்லாட்டி நீ தினம் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்ப, இந்தப் பெட்டியில ஒண்ணுமே தூங்காது' என்றார்.

இரண்டு இடத்துக்கும் பெயர் வைக்கச் சொன்னார். பரண் என்று வைக்கலாமே என்றார். அன்றைக்கு நான் சாமியார் பெயர் சொல்லி ஜெபிக்கக் கோவிலுக்குக் கொடுக்க வேண்டிய பெயர்ச்சீட்டை எழுதி மேசையில் வைத்திருந்தேன், நீயும் சின்னப் பெண்ணாக எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய், ஒரு பக்கம் உயிரோடிருப்பவர்கள், மறுபக்கம் காலமாகி உறங்கியவர்கள். அதைப் பார்த்ததும் இதைவிடத் தெளிவான பெயர் எது என்று எனக்குத் தோன்றியது. முதல் இடத்துக்கு உயிரோடிருப்பவர்கள் என்றும் மூன்றாவது டிஸ்க்குக்கு உறங்கியவர்கள் என்றும் வைத்தேன். உறங்கியவர்களில் முதலில் என் அம்மா ப்ரோஃபீராவையும் என் அப்பா தொவாதெரையும் வைத்தேன், இருவருக்கும் சேர்த்துப் பதினொரு படம்தான். தீகூ மாமா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது அதில் ஒரு தவறும் தெரியவில்லை. இரண்டு பக்கம் உள்ள ஒரு சீட்டு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நீ உன் பாஸ்வேர்டைப் போட்டு முதல் முறை உள்ளே வந்தது போன வருடம் பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி. பதினான்கு படம் போட்டாய். உன் அறை, கட்டில், ஜன்னலில் மழை, கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில் உன் பச்சைக் கோட்டு, தட்டில் மீனும் உருளைக்கிழங்கும். கூடவே தெரியாமல் ஒரு வீடியோவும் வந்துவிட்டது, நாற்பது நொடி, பையில் இருந்த போன் தானாக எடுத்தது, படம் முழுக்கக் கறுப்பு, நீ நடக்கும் சத்தம், சாவி குலுங்கும் சத்தம், நடுவில் என்னவோ முனகிப் பாடுகிறாய். அப்படி ஒன்று இருப்பது உனக்கே தெரியாது. உன்னிடம் சொன்னால் அழித்துவிடுவாய் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எதுவும் போடவில்லை. குறை சொல்லவில்லை கண்ணு. அவ்ரீக்கா அத்தை தன் கால் வீக்கத்தையும் தான் பார்த்துக்கொள்ளும் கிழவியின் பூனையையும் வாரம் தவறாமல் போட்டாள், அப்பா நாய்களைப் போட்டார். யாராவது எங்கிருந்தாவது உள்ளே வந்தால் பெட்டியின் முன்னால் சின்னப் பச்சை விளக்கு படபடவென்று மின்னும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சாமான் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சூப் வைப்பேன். விளக்கு மின்னினால் தூரினில் அத்தை, அல்லது லாரியோடு சரகோசாவிலோ லியோனிலோ நிற்கும் அப்பா. அப்பாவுடையது நீளமாக மின்னும், நாய்கள் பெரிது பெரிதாக வரும். அத்தையுடையது விட்டுவிட்டு வரும், ஒவ்வொன்றாக யோசித்துப் போடுவாள். மின்னுவதை வைத்தே யார் என்று சொல்லப் பழகிவிட்டேன். பெர்கன் எப்படி மின்னும் என்று எனக்கு இன்னும் தெரியாது, முதல் நாள் நான் விளக்கைப் பார்க்கவில்லை, உன் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை பதின்மூன்றாம் தேதி. காலை பதினொரு மணி, நான் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளோடு இருக்கிறேன், அப்பா அழைத்தார். நான் பேசுவதற்கு முன்பே, 'ஓத்தீ, எப்போடி? எப்படி ஆச்சு? யாரு சொன்னாங்க உனக்கு?' என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் அழுகிறார் என்பது மட்டும் புரிந்தது, உன் அப்பா அழுது நான் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். பெட்டி எதையாவது மாற்றினால் அப்பா, அத்தை, நான் என்று எங்கள் மூவர் போனுக்கும் ஒரு வரி அனுப்பும்படி தீகூ மாமா வைத்திருந்தார், வைத்ததை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன், என் போனுக்கு வந்ததையும் வேலையில் பார்க்கவில்லை. சரகோசா பக்கம் லாரி நிறுத்துமிடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் போனில் வந்திருக்கிறது: ஸ்மராண்டா, உயிரோடிருப்பவர்களிலிருந்து உறங்கியவர்களுக்கு மாற்றப்பட்டது. அவ்வளவுதான் வரி. பெட்டியின் நினைவே அவருக்கு வரவில்லை. பிறகு சொன்னார், 'நீ எதையும் போன்ல சொல்ற ஆளா? உங்கப்பா போனதையே எனக்கு நீ மெசேஜ்லதானே சொன்ன. இதையும் அப்படித்தான் சொல்றேன்னு நினைச்சேன்.' லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டாராம், யாரோ ஒரு போலந்துக்கார டிரைவர் வந்து தோளில் கைபோட்டு, பாஷை தெரியாமல், பக்கத்திலேயே நின்றானாம்.

நான் அவரிடம் அது பெட்டி, அது வெறும் ஃபோல்டர், ஒரு வருடம் ஆனதால் நகர்த்தியிருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு நம்பிக்கையாக இல்லை. 'அப்ப அவகூட நீ பேசினியா?' என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசினேன் என்றேன். 'இன்னைக்கு வியாழன்டி' என்றார். அதற்கப்புறம்தான் உனக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். நடுவில் அவ்ரீக்கா அத்தை தூரினிலிருந்து ஒப்பாரியோடு வந்தாள், 'அண்ணி, கோதுமையை ஊறவச்சுட்டேன், சாமியார்கிட்ட சொல்லிட்டேன், என்னைக்குக் கொண்டு வர்றாங்க புள்ளையை?' என்றாள். துக்கத்துக்கான இனிப்புக் கோதுமையை ஊறவைத்தே விட்டாள். கோதுமையை எடுத்து வைடி, உன் அண்ணன் பொண்ணு இல்ல, பெட்டிதான், பெட்டிதான் என்று என்னவோ உளறினேன், யாரும் இறக்கவில்லை என்று சொல்ல வந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் ஸ்மராண்டா. விதி வைத்தவளே நான், நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறது. ஆனால் நான் அளவுமானியை நம்பிப் பழகியவள், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரைக் கருவி கலங்கல் என்றால் கலங்கல் என்றுதான் எழுதுவேன். பத்து முறை நீ எடுக்காதபோது, பெட்டிக்கு என்னைவிட முன்னால் ஏதோ தெரிந்திருக்கிறது என்ற நினைப்பு உள்ளே வந்துவிட்டது, வந்ததை வெளியே தள்ள முடியவில்லை.

வெள்ளை அங்கியைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்கு நடந்தேன், நாலு மாடி ஏறினேன், பரஸ்கீவா அக்கா என்னவோ கேட்டாள், நிற்காமல் போனேன். சாமான் அறைக் கதவைத் திறந்தால், வருடம் முழுக்கச் சத்தமே போடாத அந்த மூன்றாவது டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது. உன் பதினான்கு படமும் நாற்பது நொடி இருட்டும் எவ்வளவு பெரியவை, ஒரு நிமிட வேலை, எப்போதோ முடிந்திருக்கும், ஏன் இன்னும் சுழல்கிறது என்று பயந்துபோய்க் கையை அதன் மேல் வைத்தேன், சூடாக இருந்தது. தூரினிலும் சரகோசாவிலும் அவர்கள் இருவரும் உன் படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், பிறகுதான் தெரிந்தது. நான் என் போனில் பட்டியலைத் திறந்தேன். பி, எஸ், டி என்று எழுத்து வரிசையில் இருந்தது. ப்ரோஃபீரா, ஸ்மராண்டா, தொவாதெர். என் அம்மாவுக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் நீ. அதைப் பார்த்துக்கொண்டே ஜாடிகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து மிச்சமுள்ள கால்களைச் செய்தேன். முப்பத்தொன்று என்று நீ சொன்ன பிறகுதான் எத்தனை என்று எனக்குத் தெரியும். நீ அழைத்து, யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாயே, உன் வாயாலேயே அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்லவேளை அது உனக்கு அழுகை மாதிரிக் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் வேடிக்கைதான். அப்பா முதலில் சிரித்தார், பிறகு, 'அந்தப் பெட்டியை ஜன்னல் வழியா எறி, ஜாமையும் சேத்து எறி' என்று பத்து நிமிடம் திட்டினார், போலந்துக்காரனிடம் விஷயத்தைக் கைச்சாடையில் விளக்கினாராம், அவன் இவர் தலையில் ஒன்று போட்டானாம். அத்தை ஊறிய கோதுமையை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, செத்துப்போன தன் புருஷன் பெயரில் கொடுத்துவிட்டாள், 'அவருக்கு நான் ரெண்டு வருஷமா ஒண்ணும் செய்யல, கேட்டு வாங்கிட்டாரு மனுஷன்' என்றாள். தீகூ மாமா ஓடி வந்தார், தலையைச் சொறிந்தார், 'பரண்னு வைக்கச் சொன்னேன், கேட்டியா?' என்றார். பிறகு, 'ஒரு நொடி வேலைம்மா, பிடிச்சு இழுத்து அந்தப் பக்கம் போட்டுட்டா முடிஞ்சுது' என்று மௌஸைக் கையில் எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். எனக்கே வெட்கமாகிவிட்டது, அயல் ஆண் கையை நான் பிடித்ததே இல்லை. வேண்டாம் அண்ணே என்றேன். 'அப்ப அவ பேர்ல நீயே உள்ள போய் ஒண்ணு போடு, அதுவே இந்தப் பக்கம் திரும்பி வந்துடும், பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும்ல, பெட்டிக்கு யாருன்னா தெரியப்போகுது?' என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். அவர் என்னை மறுபடி அன்று பார்த்த மாதிரிப் பார்த்துவிட்டு, காப்பி குடிக்காமலே மாடி ஏறிவிட்டார்.

அப்பா தினமும் கேட்கிறார், பெயரை மாற்றினாயா என்று. மாற்றிவிடுவேன், பரண் என்றே வைத்துவிடுகிறேன், இனி யாரையும் பயமுறுத்தாது, அந்த வரி அனுப்புவதையும் நிறுத்தியாயிற்று. ஆனால் நீயே அந்தப் பட்டியலிலிருந்து இந்தப் பக்கம் வந்த பிறகு மாற்றுகிறேன். பெட்டி பொய் சொல்லவில்லை ஸ்மராண்டா. அது நீ இறந்ததாகச் சொல்லவில்லை, ஒரு வருடமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை என்று சொன்னது. அது எனக்கு அதற்கு முன்பே தெரியும். நான் இழுத்துப் போட்டால் அது நான் இழுத்துப் போட்டதாகத்தான் இருக்கும், பச்சை விளக்கு மின்னினாலும் அது சமையலறையிலிருந்து மின்னியதுதான். காகிதத்தில் எழுதியதற்கு இன்னொரு காரணம் என்றேனே, அது இதுதான். இதையே தட்டச்சு செய்து உன் ஃபோல்டரில் போட்டிருக்கலாம், போட்டால் அங்கே முதலில் கைவைத்தவள் நானாகிவிடுவேன். உன் நாற்பது நொடியை இப்போதும் கேட்கிறேன், என் பெயரில் உள்ளே போய்க் கேட்டால் கணக்கில் வராது, கேட்டுக்கொள்ளலாம். முன்பு தொட்டதும் வரும். இப்போது டிஸ்க் தூக்கம் கலைந்து சுழல எட்டு நொடி ஆகிறது. அந்த எட்டு நொடியைத்தான் என்னால் உட்கார்ந்து கடக்க முடியவில்லை, எழுந்து நின்றுவிடுகிறேன்.

நாளை மறுநாள் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை, பெயர்ச்சீட்டு எழுத வேண்டும். அதில் உன் பெயர் வழக்கம்போல உயிரோடிருப்பவர்களின் இடது பக்கம், அப்பா பெயருக்குக் கீழே, அதை எந்தப் பெட்டியும் நகர்த்த முடியாது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. இந்தக் கடிதத்தோடு வசந்தத்துக்குக் கட்டும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் வைத்திருக்கிறேன், மார்ச் முதல் தேதிக்குள் வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள், கையில் கட்டிக்கொள், அங்கே யாரும் கட்ட மாட்டார்கள் என்று கூச்சப்படாதே, கோட்டுக் கைக்குள் மறைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்காதே. பாட்டிகளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பால் தூக்காதே, அப்பாவைப் பார். என் மேல் கோபப்பட்டதற்காக நீ வருந்துவாய் என்று எனக்குத் தெரியும், வருந்தாதே, அந்தக் கோபத்தைக் கேட்ட பிறகுதான் நான் தரையிலிருந்து எழுந்தேன். பெட்டியில் ஏதாவது ஒன்று போடு. பெரிதாக வேண்டாம், அழகாக வேண்டாம், மங்கலாக இருந்தாலும் போதும், காலணி, கெட்டில், மழை, எதுவானாலும். என்றைக்கு என்று சொல்ல வேண்டாம். வேலை முடிந்து நான் சாமான் அறைக் கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன்.

கடவுளும் அவர் தாயும் உனக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், உன் கைக்கு வலுவும் உன் தூக்கத்துக்கு அமைதியும் தரட்டும். அப்பா சார்பிலும் ஒரு முத்தம், நானூறு நாய்கள் சார்பிலும்.

என்றும் உன் அம்மா,
ஓத்தீலியா

மறக்காமல் ஒன்று. பாஸ்வேர்ட் மறந்துபோய், கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருந்தாயானால், நீ என் மகள், அப்படியும் இருக்கும். அதைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று தீகூ மாமா சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. நீ ஐந்து வயதில் பிளாக்குக்குப் பின்னால் கண்டெடுத்துத் தொப்பியில் வைத்துக் கொண்டுவந்தாயே முள்ளெலி, அதற்கு வைத்த பெயர், அடுத்து நம் வீட்டுக் கதவு எண். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் பெயரில் ஒருமுறையும் அடித்துப் பார்த்ததில்லை.